‘ஃபயர்’ எழுப்பிய கேள்வி

ஒரு பெண் இன்னொரு பெண்ணை விரும்புவது நம் பண்பாட்டில் உண்டா, அது மேல்நாட்டுச் சரக்கல்லவா என்று பலர் கேட்பதுண்டு. இக்கேள்விக்காக அடிபட்ட ஒரு படத்தின் வரலாற்றைப் பார்ப்போம்.

கனடாவில் குடியேறிய தீபா மேத்தா, வணிக சினிமாவுக்கு வெளியே நின்று 1996-இல் எடுத்த படம் ‘ஃபயர்’. டில்லியில் ஒரு கூட்டுக்குடும்பம். மூத்த மருமகள் ராதாவுக்குக் குழந்தை இல்லை. கணவரோ சாமியார் சொற்படி பிரம்மச்சரியம் காக்கிறார். இளையவள் சீதாவின் கணவனுக்கு வேறொரு காதலி. ஷபானா ஆஸ்மியும் நந்திதா தாஸும் நடித்த இந்த இரு மருமகள்களும் அடுக்களையில் பேச்சுத்துணை ஆகிறார்கள்; பின் காதலர்கள் ஆகிறார்கள்.

தணிக்கை வாரியம் காட்சி எதையும் வெட்டவில்லை. இந்திப் பதிப்பில் ‘சீதா’ மட்டும் ‘நீதா’ ஆனாள். 1998 நவம்பரில் படம் இந்தியாவில் திரைக்கு வந்தது. டிசம்பர் 2-ஆம் தேதி மும்பையில் சிவசேனையினர் திரையரங்கைத் தாக்கினர். மறுநாள் டில்லி ரீகல் அரங்கிலும் அதே கதி. படம் மீண்டும் வாரியத்துக்குப் போனது. 1999 பிப்ரவரியில், மறுபடியும் வெட்டின்றியே வெளிவந்தது.

இதற்கிடையே, டிசம்பர் 7-ஆம் தேதி ரீகல் வாசலில் மெழுகுவத்தியுடன் பலர் கூடினார்கள். ‘நாங்களும் இந்தியர்களே’ என்ற பொருள்பட, பெண்ணை விரும்பும் பெண்கள் அட்டை ஏந்தி நின்றார்கள். படத்தை மறைக்க எழுந்த கூச்சல், மறைந்து வாழ்ந்தவர்களை வெளியே கொண்டுவந்தது.

சரி, மேல்நாட்டுச் சரக்கு என்பது உண்மையா? இப்படத்துக்குத் தூண்டுதலான ‘லிஹாஃப்’ சிறுகதையை இஸ்மத் சுக்தாய் உருதுவில் எழுதியது 1942-இல். ஆபாசம் என்று லாகூரில் வழக்கும் நடந்தது. மாறாக, இத்தகைய உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு 1860-இல் ஆங்கிலேயர் எழுதியது. ஆக, கப்பலேறி வந்தது காதலா, சட்டமா?

வயது வந்தோர் மனமொத்த உறவு குற்றமாகாது என்று 2018 செப்டம்பர் 6-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிங்கப்பூரில் 377ஏ பிரிவு 2023 ஜனவரியில் நீங்கியது. மலேசியாவில் அப்பிரிவு இன்றும் உண்டு.

நம்மைக் குறிக்க நம் மொழியில் சொல்லே இல்லையே என்று படத்தில் சீதா வருந்துவாள். சொல் இல்லை என்பதால் ஆளும் இல்லை என்றாகிவிடுமா? நம் வீட்டு அடுக்களையிலும் ஒரு ராதா மௌனமாக இருக்கலாம். அவள் வாய் திறக்கும் நாளில் நாம் கல்லெறிவோமா, காது கொடுப்போமா?