வட்டுக்கோட்டை விட்டுச்சென்ற எழுத்து

செஞ்சிக் கோட்டை தலைமை மாற்றங்களை நன்கறிந்தது. 1677இல் சிவாஜியிடமும், நெடிய முற்றுகைக்குப் பின் 1698இல் மொகலாயரிடமும், 1750இல் பிரெஞ்சுக்காரரிடமும், 1761இல் ஆங்கிலேயரிடமும் அது கைமாறிற்று. இவர்களுக்கிடையே சில திங்களே ஆண்டு, 1714இல் போரில் மடிந்தவன் தேசிங்குராசன். ஆயினும் மக்கள் நாவில் வாழ்பவன் அவனே. அவனை வாழ்வித்தது மதிலன்று, நாட்டார் கதைப்பாடல். ஆள்வோர் மாறியபின் எஞ்சுவது யாது என்னும் வினாவைக் கல்விக்கூடம் ஒன்றின் வரலாற்றிலும் எழுப்பிப் பார்க்கலாம். பெயரிலேயே கோட்டையைத் தாங்கிய யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை அதற்குத் தக்க சான்று.

அமெரிக்க மிஷனரிமார் அங்கே 1823இல் செமினரி ஒன்றை நிறுவினர். டானியல் பூவர் அதன் முதல் தலைவர். ஆங்கிலம், கணிதம், வானியல் ஆகியவற்றோடு தமிழும் அங்கே கற்பிக்கப்பட்டது. 1835இல் பூவர் மதுரைக்குச் சென்றார். அவரையடுத்து ஹென்றி ஹொய்சிங்டன் தலைமை ஏற்றார். கிறித்தவம் பரப்ப வந்த இவர், சைவ சித்தாந்த நூல்களைக் கற்றுச் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தமை குறிப்பிடத்தக்கது.

இவர் காலத்தில், 1841 சனவரி 7ஆம் நாள், 'உதயதாரகை' தோன்றிற்று. தமிழும் ஆங்கிலமும் கலந்த அவ்விதழ் மானிப்பாய் அச்சகத்தில் அச்சாயிற்று. ஆசிரியப் பொறுப்பேற்றோர் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் இருவர். மேனாட்டுப் பெயர் பூண்டிருந்தாலும் இருவரும் செமினரியில் பயின்ற தமிழரே. மதப் பிரசாரத் தாளாகப் பிறந்த அவ்விதழ், சைவர் எழுதிய மறுப்புக் கடிதங்களுக்கும் இடந்தந்தது. கேள்வி கேட்கவும் விடை கூறவும் உரிய எளிய தமிழ் உரைநடை அவ்வாதங்களில் பழகிப் பண்பட்டது.

எனினும் செமினரிக்குச் சோதனை வந்தது. ஆங்கிலக் கல்வி பெற்ற மாணவர் திருச்சபைப் பணியை விட்டு அரசுப் பணியை நாடுகின்றனர் என்று அமெரிக்கத் தலைமைச் சங்கம் கருதிற்று. அதன் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து ஆராய்ந்தார். அதன் விளைவாக, 1855இல் செமினரி மூடப்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகளின் உழைப்பு, கடல் கடந்த ஓர் அவையின் முடிவால் நின்றுபோயிற்று. 

ஆனால் கற்றவர் ஓயவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை இருவரும் வட்டுக்கோட்டையின் மாணவர்களே. பின்னாளில் சைவராக வாழ்ந்த தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். மற்றொரு மாணவரான ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை நெடுங்காலம் உதயதாரகையின் ஆசிரியராயிருந்தார். நானூற்றுக்கும் மேற்பட்ட புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் பெயரில் 1886இல் வெளியிட்டவரும் அவரே. சபை எதிர்பாராத பயன்கள் இவை. ஆனால் தமிழுக்கு வாய்த்த பெரும்பயன்கள்.

ஊராரும் வாளாவிருக்கவில்லை. மூடிய கதவைத் திறக்குமாறு யாழ்ப்பாணத்துக் கிறித்தவர் வேண்டினர். வேண்டியதோடு நில்லாது பொருளும் திரட்டினர். அதன் பயனாக 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. ஹேஸ்டிங்ஸ் அதன் முதல் அதிபரானார். முன்பு அயலார் தாமே முன்வந்து தந்தது செமினரி. இப்போது ஊரார் கேட்டுப் பெற்றது கல்லூரி. இவ்வேறுபாடே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

தலைவர் வருவர், போவர். சங்கங்கள் தோன்றும், கலையும். மாணவர் கையில் எழுதுகோலையும் ஊரார் நெஞ்சில் உரிமையுணர்வையும் தந்த நிறுவனம், மூடப்பட்ட பின்னும் மறைவதில்லை. ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைந்து மலர் வெளியிடும்போது எண்ணிப் பார்க்க வேண்டியது, யார் தலைமை தாங்கினர் என்பதை மட்டுமன்று. எவரை எழுத வைத்தது என்பதையுமாம்.