அர்பத்நாட் வீழ்ந்த கதையும் இந்தியன் வங்கி பிறந்த கதையும்

சேமிப்பைப் போட்டு வைக்க அர்பத்நாட் கம்பெனியைவிடப் பத்திரமான இடம் கிடையாது என்று சென்னை மக்கள் நம்பிய காலம் ஒன்று இருந்தது. பாரி, பின்னி ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்பட்ட பெரிய வெள்ளைக்கார வியாபார ஸ்தாபனம் அது. வியாபாரத்தோடு பாங்க் தொழிலும் செய்தது. உத்தியோகஸ்தர்களும் வக்கீல்களும் மிராசுதார்களும் அங்கே பணம் போட்டார்கள். தகப்பனார் கணக்கு வைத்த இடத்தில் பிள்ளையும் வைப்பது வழக்கம். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சட்டசபை அங்கத்தினர். சர் பட்டம் பெற்றவர். வேறென்ன ஜாமீன் வேண்டும்?

ஆனால் அது ஒரு சில பங்காளிகளின் சொந்தக் கம்பெனி. டெபாசிட் போட்டவர்களுக்குப் பெயர் தெரியுமே தவிர, கணக்கு தெரியாது. லண்டனில் பங்காளி மக்ஃபேடியன் சூதாட்டம் போன்ற வியாபாரங்களில் பெரும்பணத்தை இழந்துகொண்டிருந்தார். 1906 அக்டோபரில் அவர் தற்கொலை செய்துகொண்டார். அதே மாதம் 22ஆம் தேதி சென்னைக் கம்பெனியும் பணம் கொடுப்பதை நிறுத்தியது. தலைமுறைகளாக வளர்ந்த நம்பிக்கை ஒரே நாளில் உடைந்தது. ஓய்வுக் காலத்துக்கென்று சேர்த்ததை இழந்த குடும்பங்கள் பல. சர் ஜார்ஜுக்கு 1907இல் 18 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

பணம் இழந்தவர்களுக்காக வாதாட முன்வந்தவர்களில் முக்கியமானவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர். வழக்கோடு அவர் நின்றுவிடவில்லை. நம்மவர் பணத்தை நம்மவரே நிர்வகிக்கும் பாங்க் ஒன்று வேண்டும் என்று முயற்சி எடுத்தார். சுதேசி உணர்ச்சி பொங்கிய காலம் அது. நாட்டுக்கோட்டை நகரத்தார்கள் கை கொடுத்தார்கள். முதல் டைரக்டர்களில் ராமஸ்வாமி செட்டியாரும் ஒருவர். 1907 மார்ச்சில் பதிவான இந்தியன் வங்கி, ஆகஸ்ட் 15 அன்று திறக்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏமாந்தவர்கள் இன்னொரு பெரிய பெயரைத் தேடிப் போகவில்லை. பங்குதாரர்கள், டைரக்டர்கள், வருஷாந்திரக் கணக்கு என்று கேள்வி கேட்க இடம் தரும் அமைப்பை உண்டாக்கினார்கள். 1969இல் தேசியமயமான அந்த வங்கியோடு 2020இல் கல்கத்தாவின் பழைய அலகாபாத் வங்கியும் இணைந்தது.

நம் அங்கத்தினர்கள் எந்த ஊரில் இருந்தாலும், "தெரிந்தவர், பெரிய மனுஷர், நம்மவர்" என்ற பேச்சைக் கேட்டுப் பணம் போடுமுன் அர்பத்நாட்டை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம். மரியாதையை மனுஷருக்குக் கொடுப்போம். கணக்கையும் கேட்டு வாங்குவோம்.