பாலை மணலில் ஓர் இசைச் சபை

டிம்பக்டு என்றதும் நம் நினைவில் எழுவன சங்கோரே பள்ளிவாசலும், அதனைச் சூழ்ந்து வளர்ந்த கல்விக் கூடங்களும், பேழைகளில் காக்கப்பெற்ற அரபுச் சுவடிகளுமே. கல்வியால் புகழ்பெற்ற அப்பகுதி, பகைமையை ஆற்றுதற்கு இசையைத் துணைகொண்ட வரலாறும் நாம் அறியத்தக்கதாகும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி, பன்மொழி மக்களின் உறைவிடம். தெற்கே பம்பாரா மொழியினர். நைகர் ஆற்றின் வளைவில் சோங்காய் மக்கள். மேய்ச்சல் நிலங்களில் ஃபுலானியர். வடபாலையில் தமாஷெக் பேசும் துவாரெக் நாடோடியர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். எனினும், ஒரே திசை நோக்கித் தொழுவோரிடையிலும் மொழி, பிழைப்பு, ஆட்சியில் பங்கு ஆகியன பற்றிய மனக்குறைகள் எழத்தான் செய்தன. 1990-ல் துவாரெக் கிளர்ச்சி மூண்டது. 1992-ல் உடன்படிக்கை கண்டும் குருதி சிந்துவது நிற்கவில்லை. இறுதியில், 1996 மார்ச் 27 அன்று, டிம்பக்டுவில் ஏறத்தாழ 3,000 துப்பாக்கிகள் குவிக்கப்பட்டுத் தீயிடப்பட்டன. ‘அமைதிச் சுடர்’ என்று அதனை அழைத்தனர்.

ஆயுதத்தை எரித்துவிடலாம், உள்ளத்துப் பகையை எதைக் கொண்டு எரிப்பது?

பாலையெங்கும் சிதறி வாழும் துவாரெக் குலத்தார் ஆண்டில் ஒருமுறை கூடி, வழக்குகளைத் தீர்த்து, ஒட்டகம் ஓட்டி, பாடி மகிழ்தல் பண்டை மரபு. அம்மரபையே விரித்து, பிற இனத்தாரையும் விருந்தினராய் அழைத்து, 2001-ல் ‘பாலைவன விழா’ தொடங்கப்பெற்றது. 2003 முதல் சில ஆண்டுகள் டிம்பக்டுவுக்கு அப்பால் எஸ்ஸகான் மணற்குன்றுகளில் அது நிகழ்ந்தது. துவாரெக் பெண்டிர் ‘திந்தே’ முழவை அறைந்து பாடினர். முன்னாளில் துப்பாக்கி ஏந்தியோரையும் கொண்ட தினாரிவென் குழுவினர் கித்தார் மீட்டினர். சோங்காய், ஃபுலானி, தமாஷெக், பம்பாரா எனப் பல மொழிகளில் பாட வல்ல அலி ஃபர்க்கா தூரே அதே மேடையில் இசைத்தார். எவரும் தம் மொழியைக் கைவிடவில்லை; எவர் மொழியும் இழிவென எண்ணப்படவில்லை. இதுவன்றோ ஒற்றுமை!

ஆயினும் வரலாறு நம்மை எச்சரிக்கவும் செய்கிறது. 2012 ஜனவரியில் விழா முடிந்த சில நாட்களிலேயே மீண்டும் கிளர்ச்சி வெடித்தது. ஏப்ரலில் டிம்பக்டு வீழ்ந்தது. அந்நகரைக் கைப்பற்றிய ஆயுதக் குழுவினர் இறைநேசர்களின் அடக்கத்தலங்களை இடித்தனர், இசையைத் தடைசெய்தனர், பாடகர்கள் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. 2013 ஜனவரியில் நகரம் மீட்கப்பட்டது. அதே மாதம் ஃபத்துமாத்தா தியாவரா என்னும் பாடகி, நாற்பதுக்கும் மேற்பட்ட மாலி நாட்டுக் கலைஞர்களைத் திரட்டி, அமைதி வேண்டிப் பாடல் ஒன்றை வெளியிட்டார். இடிந்த அடக்கத்தலங்களை உள்ளூர்க் கொத்தர்கள் 2015-க்குள் மீண்டும் எழுப்பினர். ஆனால் பழைய அமைதி அப்பாலைக்குத் திரும்பவில்லை.

அப்படியாயின் அவ்விழா வீணோ? அன்று. நீதிக்கு மாற்றாகப் பாட்டு நிற்க முடியாது. கொடுத்த வாக்கை அரசுகள் காத்தாக வேண்டும். ஆனால், அண்டை வீட்டாரின் மொழியைச் செவிமடுத்துக் கேட்கப் பழகாத மக்கள், அவர்தம் முறையீட்டை மட்டும் கேட்பரோ? அப்பழக்கத்தையே எஸ்ஸகான் மணல்வெளி சில காலம் கற்பித்தது. கற்ற பாடம் மறக்கப்படலாம். கற்பிக்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.