ஐஃப்ரேம்: இலக்கணம் விலக்கியதை வழக்கு மீட்ட கதை

ஒரு வலைப்பக்கத்தினுள் மற்றொரு பக்கத்தைப் பதிக்க உதவும் குறிச்சொல் ஐஃப்ரேம். நிலப்படமும் காணொளியும் பணம் செலுத்தும் படிவமும் இன்று பெரும்பாலும் இதன் வழியாகவே பிற பக்கங்களுக்குள் இடம்பெறுகின்றன. எச்டிஎம்எல்லின் கண்டிப்பான இலக்கணத்தில் இதற்குப் பதினேழு ஆண்டுகள் இடமே இருக்கவில்லை என்பது இன்றைய மாணவர்க்கு வியப்பளிக்கலாம்.

1996இல் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0, சாளரத்தைப் பல சட்டகங்களாகப் பகுக்கும் ஃப்ரேம்செட்டுடன் வெளிவந்தது. அதே ஆண்டு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3, பத்திகளுக்கு நடுவே அமரும் ஐஃப்ரேமை அறிமுகப்படுத்தியது. இரண்டுமே உலாவி நிறுவனங்களின் போட்டியில் பிறந்த குழந்தைகள். 1997 டிசம்பரில் டபிள்யூ3சி வெளியிட்ட எச்டிஎம்எல் 4.0 இவற்றை அரைமனத்துடன் ஏற்றது. அது வகுத்த மூன்று இலக்கணங்களுள் 'டிரான்சிஷனல்', 'ஃப்ரேம்செட்' ஆகியவற்றில் ஐஃப்ரேமுக்கு இடம் கிடைத்தது. 'ஸ்ட்ரிக்ட்' அதை விலக்கியது. 2001இல் வந்த எக்ஸ்எச்டிஎம்எல் 1.1 ஸ்ட்ரிக்ட்டின் வழியிலேயே சென்றது.

சட்டகங்கள் மீதான குறைகள் பொய்யானவை அல்ல. உள்ளிருக்கும் பக்கம் மாறினாலும் முகவரி மாறாது. புத்தகக்குறி தவறான இடத்துக்கு இட்டுச்செல்லும். திரைபடிப்பியைக் கொண்டு வாசிப்போர் திணறுவர். ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை ஃப்ரேம்செட்டின் குற்றங்கள். உடன்பிறப்பு என்பதற்காக ஐஃப்ரேமும் தண்டனை பெற்றது.

மாற்றாக முன்வைக்கப்பட்டது ஆப்ஜெக்ட். படம், நிரல், முழுப்பக்கம் என எதையும் ஒரே குறிச்சொல்லால் பதிக்கலாம் என்பது கோட்பாட்டளவில் அழகான எண்ணம். அன்று பெருவழக்கிலிருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 அதைச் சீராகக் காட்டவில்லை. ஆகவே பக்கம் அமைப்போர் ஒரு தந்திரத்தைக் கையாண்டனர். ஐஃப்ரேமை மூலத்தில் எழுதாமல், பக்கம் திறந்தபின் ஜாவாஸ்கிரிப்ட்டால் நுழைத்தனர். சரிபார்ப்பி மூலத்தை மட்டுமே படிக்கும். பிழையில்லை என்று சான்றளிக்கும். ஜாவாஸ்கிரிப்ட் முடக்கப்பட்ட உலாவியிலோ அவ்விடம் வெறுமையாயிற்று. யாருக்காக இலக்கணம் வகுக்கப்பட்டதோ அந்த வாசகரே இழப்பை ஏற்றார். விதிமுறை இலக்கணம் வழக்கைத் திருத்த முயன்று, அதை மறைந்தொழுகச் செய்ததற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

திருப்பம் 2004இல் தொடங்கியது. ஆப்பிள், மொசில்லா, ஓபரா ஆகியவற்றைச் சார்ந்தோர் அமைத்த வாட்விக் குழு, உலாவிகள் உண்மையில் செய்வதை நுணுகி விவரித்து அதையே விதியாக எழுதியது. மொழியியலார் விளக்கமுறை இலக்கணம் என்பதற்கு மிக அணுக்கமான பணி அது. 2010இல் யூடியூப் தன் காணொளிகளை ஐஃப்ரேம் வழியாகப் பதிக்கும் முறையை வழங்கியபோது வழக்கு ஏறத்தாழ வென்றுவிட்டது. 2014 அக்டோபர் 28இல் எச்டிஎம்எல்5 டபிள்யூ3சியின் பரிந்துரையானது: ஐஃப்ரேம் உள்ளே, ஃப்ரேம்செட் வெளியே. பதிக்கப்படும் பக்கத்தின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் 'சாண்ட்பாக்ஸ்' என்னும் பண்பும் சேர்க்கப்பட்டது. 'ஃப்ரேம்பார்டர்' வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டு, ஓரக்கோட்டை நீக்கும் வேலை சிஎஸ்எஸ்ஸிடம் சென்றது.

அதன் பின்னரும் யூடியூப் நகலெடுக்கத் தரும் நிரல்வரியில் ஃப்ரேம்பார்டர் நெடுங்காலம் தொடர்ந்தது. சரிபார்ப்பி அதைப் பிழை என்கிறது. உலாவிகள் ஓரக்கோடின்றிக் காணொளியைக் காட்டுகின்றன.