நகல் மட்டும் கேட்காதீர்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2005இல். ஆனால் அதற்கு உயிர் கொடுத்தது மத்திய ராஜஸ்தானில் மண் வெட்டியவர்களின் கூலித் தகராறு.

1987இல் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் தேவ்டுங்கிரி என்ற சிற்றூரில் ஒரு மண்வீட்டுக்குக் குடிவந்தார்கள். அருணா சென்னையில் பிறந்தவர், எழுபதுகளிலேயே ஐ.ஏ.எஸ். வேலையை உதறியவர். 1990 மே தினத்தன்று பீம் என்ற ஊரில் 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்' என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு உருவானது.

அந்தப் பக்கத்தில் வறட்சி வந்தால் நிவாரண வேலைதான் பிழைப்பு. குளம் தோண்டுவார்கள், சாலை போடுவார்கள். கூலி மட்டும் சட்டம் சொன்ன அளவுக்கு வராது. கேட்டால், நீங்கள் வேலையே சரியாகச் செய்யவில்லை, மஸ்டர் ரோலில், அதாவது வேலையாட்களின் வருகை, கூலிப் பதிவேட்டில், அப்படித்தான் இருக்கிறது என்பார்கள். சரி, அதைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க ரகசியம். 1923இல் வெள்ளைக்காரன் உளவாளிகளைப் பிடிக்கப் போட்ட அலுவல் ரகசியச் சட்டத்தின் வாசனை, குளம் வெட்டிய கணக்கு வரைக்கும் வீசியது.

1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானா என்ற ஊரில் முதல் 'ஜன் சுன்வாய்', அதாவது மக்கள் விசாரணை, நடந்தது. எப்படியோ கைக்கு வந்த பதிவேடுகளை ஊர் நடுவில் பெயர் பெயராக வாசித்தார்கள். அடுத்தடுத்த ஊர்களிலும் இப்படி வாசிக்க வாசிக்கக் குட்டு உடைந்தது: செத்துப்போனவர்கள் கூலி வாங்கியிருந்தார்கள், கட்டாத கட்டடங்களுக்குப் பணம் போயிருந்தது. பெயரைச் சொல்லி வாசித்ததில்தான் அத்தனை வலுவும் இருந்தது. தனிநபர் தரவைக் காப்பதாகச் சொல்லி 2023இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியபோது, மஸ்டர் ரோல் பெயர்களும் இனி கிடைக்காமல் போகுமே என்று தகவல் உரிமை ஆர்வலர்கள் பதறியதற்குக் காரணம் அதுதான்.

1995 ஏப்ரலில் முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத், பஞ்சாயத்துக் கணக்குகளின் நகலை மக்கள் பெறலாம் என்று சட்டசபையில் அறிவித்தார். ஓராண்டாகியும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரின் சாங் கேட்டில் சங்கதன்காரர்கள் தர்ணாவில் உட்கார்ந்தார்கள். அன்றைக்கே ஆணை வந்தது. கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம், நகல் மட்டும் கேட்கக் கூடாது! எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படும் தொழிலாளி, அதிகாரியின் மேசை முன் நின்று பதிவேட்டைப் பார்த்து என்ன செய்வார்? நகல் கையில் இருந்தால் ஊருக்குக் கொண்டுபோய் நாலு பேரிடம் வாசிக்கச் சொல்லலாம், அதிகாரி நாளைக்குப் பேச்சை மாற்றவும் முடியாது. ஆணை போட்டவர்களுக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது. தர்ணா 40 நாள் நீடித்தது. கிராமங்களிலிருந்து தானியம் வந்தது, பியாவர் கடைத்தெரு காய்கறி கொடுத்தது. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்ற கோஷம் அங்கிருந்துதான் நாடெங்கும் போனது.

மறு ஆண்டு ஜெய்ப்பூரில் இன்னொரு தர்ணா, 53 நாள். அதன் முடிவில் துணை முதலமைச்சர் ஒரு செய்தி சொன்னார்: நகல் தரும் ஆணை ஆறு மாதத்துக்கு முன்பே அரசிதழில் வெளியாகிவிட்டதாம். தகவல் தரச்சொல்லும் ஆணையையே யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தார்கள். இதைவிடப் பொருத்தமாக யாராலும் கேலி செய்திருக்க முடியாது.

மாநிலச் சட்டம் என்று பார்த்தால் 1997இல் முதலில் போட்டது தமிழ்நாடுதான். விதிவிலக்குகள் மலிந்த சட்டம், பெருமைப்பட அதிகமில்லை. ராஜஸ்தானுக்கே சட்டம் 2000இல்தான் வந்தது. மத்திய அரசின் 2002ஆம் ஆண்டுச் சட்டமோ நடைமுறைக்கே வராமல் மடிந்தது.

2005 அக்டோபர் 12 முதல் இன்றைய சட்டம் முழுதாக நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பத்துக்கு 30 நாளில் பதில் தர வேண்டும். காரணமின்றித் தாமதித்தால் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். தகவல் உரிமை என்றால் என்னென்ன என்று அதன் 2(ஜே) பிரிவு வரிசையாகச் சொல்கிறது. ஆவணத்தைப் பார்வையிடலாம், குறிப்பெடுக்கலாம், அரசு வேலையில் போட்ட பொருளின் மாதிரியைக்கூட எடுக்கலாம், சான்றிட்ட நகல் பெறலாம். மத்திய அரசு விதிப்படி நகலுக்குக் கட்டணம் பக்கத்துக்கு 2 ரூபாய்.