பாட்டன் போன மலாயா, பேரன் போன கனடா

யாழ்ப்பாணத்தவர் ஏன் நாடு விட்டு நாடு போகிறார்கள் என்று கேட்டால், "எங்கட சனம் எப்பவும் வெளியில போற சனம்தானே" என்று ஒரு வசனத்தில் கதையை முடித்துவிடுபவர்கள் உண்டு. மலாயாவுக்குப் போன பாட்டனையும் கனடாவுக்குப் போன பேரனையும் ஒரே வரிசையில் நிறுத்துகிற பேச்சு இது. இரண்டு பயணங்களுக்கும் இடையே ஒற்றுமை இல்லாமல் இல்லை. ஆனால் பாட்டன் காணியை ஊரில் வைத்துவிட்டுப் போனார். பேரனோ அந்தக் காணியை ஈடு வைத்துத்தான் போக முடிந்தது. என் பார்வையில் இந்த வேறுபாடே மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது.

முதலில் மலாயா. 1874இல் பங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகு பேராக்கிலும், தொடர்ந்து சிலாங்கூரிலும் பிரிட்டிஷ் ரெசிடென்டுகள் அமர்ந்தார்கள். ஈயச் சுரங்கங்களுக்கு ரயில்பாதை வேண்டும், வரி வசூலுக்குக் கணக்குப் புத்தகம் வேண்டும், அதை எழுத ஆங்கிலம் தெரிந்த ஆட்கள் வேண்டும். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில்பாதை திறந்தபோது, அதைப் போட்ட உழைப்பில் இலங்கையிலிருந்து போனவர்களுக்கும் பங்கிருந்தது. பின்னாளில் ரயில்வேயின் பொது முகாமையாளரான ஸ்பூனர், அதற்கு முன் இலங்கைப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். யாழ்ப்பாணத்து எழுதுவினைஞரின் திறமையை அங்கேயே கண்டவர். ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க், நில அளவையாளர், ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் என்று யாழ்ப்பாணக் குடாநாட்டு இளைஞர்கள் கப்பலேறினார்கள்.

அந்த ஆங்கிலம் எங்கிருந்து வந்தது? 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். அடுத்தடுத்த தலைமுறைகளில் கிராமத்துக்குக் கிராமம் பள்ளிக்கூடம் எழுந்தது. படித்தவர்கள் பெருகிய வேகத்தில் இலங்கை அரசாங்க உத்தியோகங்கள் பெருகவில்லை.

படிப்பு மட்டும் ஒருவரைக் கப்பலேற்றாது. அதன் அடியில் மண் இருந்தது. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் தோண்டிய கிணற்றிலிருந்து துலா மிதித்து இறைத்த நீரில்தான் புகையிலையும் வெங்காயமும். ஒல்லாந்தர் 1707இல் எழுதி வைத்த தேசவழமைப்படி பெண்ணுக்குச் சீதனமாகக் காணி போகும். மூன்று பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் தோட்டம் மூன்று துண்டாகும். ஆண்பிள்ளைக்கு மிஞ்சுவது படிப்பு. சகோதரிமாரைக் கரைசேர்க்க வேண்டிய கடமையும் அவன் தலையில். குடும்பக் கணக்கை மறந்து, "வசதி தேடிப் போனான்" என்று சொல்வது அவனுக்குச் செய்யும் அநியாயம்.

இந்தக் கணக்கு நூறாண்டுக்குப் பிறகும் மாறவில்லை. ரொறன்ரோ உணவகத்தில் கோப்பை கழுவி, இரவில் இன்னொரு வேலைக்குப் போய், தங்கைக்குச் சீதனம் அனுப்பிய அண்ணன்மார் எத்தனை பேர்! மலாயாவிலிருந்து மணியோடர் வந்தது. கனடாவிலிருந்து, வங்கிக்கு வெளியே கைமாறும் உண்டியலில் வந்தது. வழி வேறு, வந்து சேர்ந்த வீடு ஒன்று. இரண்டு காலத்திலும் போவது யார் என்பதை முடிவு செய்தது குடும்பம். ஒருவர் தனியே எடுத்த முடிவாக இதை எழுதும் குடியேற்ற ஆய்வுகள் எனக்கு எப்போதும் குறையுள்ளவையாகவே படுகின்றன.

ஆனால் குடும்பம் யாரைத் தேர்ந்தது? அங்கேதான் பாதை பிரிகிறது. மலாயாவுக்கு ஆங்கிலம் நன்றாகப் படித்த பிள்ளையை அனுப்பினார்கள். 1983க்குப் பிறகு, எந்தப் பிள்ளை உயிரோடு மிஞ்சமாட்டானோ என்று பயந்தார்களோ அந்தப் பிள்ளையை அனுப்பினார்கள். தெருவில் நடந்தால் இராணுவம் பிடிக்கும். வீட்டில் இருந்தால் ஆயுதம் ஏந்திய இயக்கம் கூட்டிக்கொண்டு போகும். பதினெட்டு வயது மகனை வைத்திருந்த தாய்க்கு வேறு என்ன கணக்கு இருக்க முடியும்?

அந்தப் பயம் ஒரே நாளில் வந்ததல்ல. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் அரசாங்க உத்தியோகத்தின் கதவைச் சாத்தத் தொடங்கியது. எழுபதுகளில், அனுமதிப் புள்ளிகளை மாற்றியமைத்த தரப்படுத்தல் பல்கலைக்கழக வாசலை ஒடுக்கியது. யாழ்ப்பாணத்தவர் தங்கள் வாழ்வையே கட்டியிருந்த இரண்டு தூண்கள் இவை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழரின் வீடும் கடையும் எரிந்தன, மனிதரும் எரிந்தார்கள். படிப்பு, உத்தியோகம், உயிர் என்று ஒவ்வொன்றாகப் பறிபோன பிறகு, இதில் எது பொருளாதாரக் காரணம், எது அரசியல் காரணம் என்று பிரிக்கச் சொன்னால் யாரால் பிரிக்க முடியும்? அகதி விசாரணையில் அதைத்தான் பிரிக்கச் சொன்னார்கள். உயிருக்குப் பயந்தேன் என்று நிரூபித்தவர் தங்கலாம். நல்ல வாழ்வையும் விரும்பினேன் என்று ஒத்துக்கொண்டவர் சந்தேகத்துக்குரியவர். உயிருக்கு அஞ்சி ஓடுபவரும் நாளைக்குச் சாப்பிட வேண்டியவர்தான்.

போன விதத்தையும் பார்க்க வேண்டும். மலாயாவில் அரசாங்கமே ஆள் தேடியது. கையில் சான்றிதழும், ஏற்கெனவே அங்கிருந்த மாமன் எழுதிய கடிதமும் போதும். எண்பதுகளில் போனவர்களுக்கோ, காசு வாங்கி வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன்தான் வழி. காணியை ஈடு வைத்து, தாலிக்கொடியை அடகு வைத்து, கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, மேற்கு பெர்லினுக்கு ரயிலேறிக் கடந்தவர்கள் உண்டு. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே, அத்லாந்திக் கடலில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் விடப்பட்டிருந்தார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து அவர்களை ஏற்றி வந்த கப்பல் அங்கே இறக்கிவிட்டுப் போயிருந்தது. மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். கனடா அவர்களுக்கு ஓராண்டு தங்கி வேலை செய்ய அனுமதி கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1985இல், சிங் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம், தன் மண்ணில் நிற்கும் அகதிக் கோரிக்கையாளர் நேரில் கேட்கப்படும் உரிமை உள்ளவர் என்று தீர்ப்பளித்திருந்தது. எந்த நாட்டுக்கு மக்கள் போகிறார்கள் என்பதைச் சம்பளத்தைவிட இப்படியான தீர்ப்புகள் அதிகம் தீர்மானிக்கின்றன.

போய்ச் சேர்ந்த இடத்தில் கிடைத்த தகுதியும் வேறு. மலாயாவில் யாழ்ப்பாணத்தவர் வெள்ளைக்காரருக்குக் கீழே, தோட்டத் தொழிலாளிக்கு மேலே ஒரு நடு நாற்காலியில் அமர்ந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் கூட்டி வந்த ரப்பர்த் தோட்டத் தமிழரிடமிருந்து பலர் விலகியே நின்றார்கள். அது வருத்தத்துக்குரியது, மறைக்கத் தேவையில்லை. கனடாவில் அந்த நாற்காலி இல்லை. ஊரில் இன்ஜினியராக இருந்தவரும் சமையலறையில் நின்றார், பத்தாம் வகுப்போடு ஓடிவந்தவரும் அதே சமையலறையில் நின்றார்.

மலாயாக் காலத்தில் கடல் இரு பக்கமும் திறந்திருந்தது. தந்தை செல்வா என்று பின்னாளில் அழைக்கப்பட்ட எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1898இல் ஈப்போவில் பிறந்தவர். படிப்பதற்காகச் சிறு வயதிலேயே தெல்லிப்பழைக்குக் கொண்டுவரப்பட்டார். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் 1915இல் வட்டுக்கோட்டையில் பிறந்து, கைக்குழந்தையாகவே மலாயாவுக்குப் போய்ச் சிரம்பானில் வளர்ந்தார். பேறுகாலத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் ஊர்தான் என்று நினைக்க முடிந்த காலம் அது. ஓய்வு பெற்றதும் பலர் திரும்பி வந்து கல்வீடு கட்டினார்கள். பென்சன் மலாயாவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. மலாயன் பென்சனியர் இல்லாத கிராமம் அன்று குடாநாட்டில் அபூர்வம். அவர்கள் கட்டிய வீடுகளிலும் சில, பேரப்பிள்ளைகளின் ஏஜென்சிக் காசுக்காக ஈட்டுக்குப் போயின.

கனடாவில் பிள்ளைகளின் படிப்பே திரும்பாமல் இருப்பதற்கான காரணமாகிவிட்டது. ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் அருகிலுள்ள மார்க்கம் நகரிலும் வீடு வாங்கியாயிற்று. 2011இல் ஒரு தமிழ்ப் பெண் கனடா நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார்கள், மூன்று வாரம் நிற்கிறார்கள், போகிறார்கள். அவர்களைப் பார்த்து, போர் 2009இல் முடிந்துவிட்டதே, ஏன் இன்னும் திரும்பவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பென்சனியர் திரும்பியது ஊர்ப்பாசத்தால் மட்டுமல்ல. அவருடைய காணி அவர் பேரிலேயே இருந்தது, அதில் காலடி வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. செல்வநாயகம் வளர்ந்த தெல்லிப்பழையை உள்ளடக்கிய வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் விரட்டப்பட்டவர்களின் காணிகளில் ஒரு பகுதி, போர் முடிந்து பத்தாண்டு கடந்த பின்னும் இராணுவத்தின் கையில்தான் இருந்தது. கேள்வியைக் கனடாவில் இருப்பவரிடம் கேட்காதீர்கள். அந்தக் காணிகளை வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள்.