கோர்ஜெனியோவ்ஸ்கியின் சிட்னித் தங்கம்: ஒரு மறுவாசிப்பு

போலந்தின் ராபர்ட் கோர்ஜெனியோவ்ஸ்கி வென்ற நான்கு ஒலிம்பிக் தங்கங்களையும் விளையாட்டு எழுத்தாளர்கள் ஒன்றுபோல மதிப்பதில்லை. அட்லாண்டா (1996), சிட்னி (2000), ஏதென்ஸ் (2004) ஆகிய இடங்களில் 50 கி.மீ. நடைப்பந்தயத்தில் பெற்றவை அவருடைய ஆற்றலுக்குச் சான்று என்றும், சிட்னியின் 20 கி.மீ. தங்கம் பிறர் தவறால் வந்து சேர்ந்தது என்றும் ஒரு வாசிப்பு நிலைபெற்றுவிட்டது. இக்கட்டுரை அதை மறுக்கிறது.

அவ்வாசிப்புக்கு அடிப்படையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2000 செப்டம்பர் 22 அன்று எல்லைக்கோட்டை முதலில் கடந்தவர் மெக்சிகோவின் பெர்னார்டோ செகுரா. தம் நாட்டு அதிபர் எர்னஸ்டோ செடில்லோவுடன் அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் தகுதிநீக்கச் செய்தி வந்தது. இரண்டாவதாக வந்த கோர்ஜெனியோவ்ஸ்கிக்கு முதலிடம் கிடைத்தது. பார்த்தவர் எவரும் மறக்க முடியாத காட்சி அது. மறக்க முடியாததாலேயே பந்தயம் முழுவதற்கும் அதுவே விளக்கமாகிவிட்டது. கோட்டை முதலில் தொட்டவரே வென்றவர் என்னும் ஓட்டப்பந்தய அளவுகோலை நடைக்குப் பொருத்துவதே இங்குள்ள பிழை.

1995இல் திருத்தப்பட்ட விதியை இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். அதற்கு முன், உடல் செங்குத்தாக வரும் கணத்தில் முழங்கால் நிமிர்ந்திருந்தால் போதும். திருத்தத்தின்படி, முன்வைத்த கால் தரையைத் தொட்டது முதல் செங்குத்து நிலை வரை மடங்காமல் இருக்க வேண்டும். இரு பாதங்களும் தரையை விட்டு எழுகின்றனவா என்பதை நடுவரின் வெறுங்கண்ணே தீர்மானிக்கும். அன்றைய விதிப்படி, மூன்று நடுவர்களின் சிவப்பு அட்டைகள் சேர்ந்தால் தகுதிநீக்கம். ஆகவே செகுராவின் மீறல் நிகழ்ந்தது பாதையில். தாமதமானது அறிவிப்பு மட்டுமே.

முடிவுப் பட்டியலும் இதையே காட்டுகிறது. கோர்ஜெனியோவ்ஸ்கி 1:18:59, அதே மெக்சிகோவின் நோயே எர்னாந்தெஸ் 1:19:03. விதிக்குள் நடந்த ஒருவரை நான்கே நொடி இடைவெளியில் முந்திப் பெற்ற தங்கம் இது. 1988 சியோலில் யோசெஃப் பிரிபிலினெட்ஸ் படைத்த 1:19:57 என்ற ஒலிம்பிக் சாதனையும் அன்று 58 நொடிகளால் முறிந்தது. தற்செயல் என்ற சொல்லால் இதை விளக்க இயலாது.

தங்கம் தானாக வந்தது என்போர் 1992ஐ நினைவில் கொள்வதில்லை. பார்சிலோனாவின் 50 கி.மீ. பந்தயத்தில் இரண்டாம் இடத்தில் வந்துகொண்டிருந்த கோர்ஜெனியோவ்ஸ்கி, அரங்க வாயிலை நெருங்கியபோது தகுதிநீக்கம் செய்யப்பட்டார். செகுராவுக்கு நேர்ந்ததை எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அனுபவித்தவர் அவர். நடுவர் தடுக்காத வேகமே உண்மையான வேகம் என்ற அறிவு அங்கேதான் உருவாகியிருக்க வேண்டும் என்பது என் துணிபு. இதற்கு நேரடிச் சான்று குறைவு என்பதையும், 1999 செவில் உலகப் போட்டியில் அவர் மீண்டும் தகுதிநீக்கப்பட்டது இதற்கு எதிராக நிற்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒரு சறுக்கலால் நீண்டகாலப் போக்கு பொய்யாகிவிடாது. அவருடைய நடை மாறிய ஆண்டைத்தான் உறுதியாகக் குறிக்க முடியவில்லை. 1995 கோத்தன்பர்க் உலகப் போட்டியில் அவர் பெற்ற வெண்கலமும் விதித் திருத்தமும் ஒரே ஆண்டில் வருவதால், மாற்றத்துக்குக் காரணம் பார்சிலோனாவா புதிய விதியா என்று பிரித்தறிவது கடினம். 1992க்கும் 1996க்கும் இடைப்பட்டது என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

சிட்னிக்குப் பிந்தைய தடம் தெளிவானது. ஏழு நாள் கழித்து 50 கி.மீ. பந்தயத்தை 3:42:22இல் வென்று, ஒரே ஒலிம்பிக்கில் இரு தொலைவிலும் தங்கம் பெற்ற முதல் வீரரானார். 2002 மியூனிக்கில் 3:36:39, 2003 பாரிசில் 3:36:03 என இரு உலக சாதனைகள். ஏதென்ஸில் நான்கு நிமிடத்துக்கும் மேற்பட்ட இடைவெளியில் வெற்றி. வேகத்தையும் விதியையும் ஒருசேரக் கைக்கொண்டதே இவ்வாழ்க்கையின் சாரம். அதற்கு மிகக் கடுமையான சோதனை சிட்னியின் 20 கி.மீ.; அந்தத் தங்கத்தை மற்ற மூன்றுக்கும் கீழே வைக்க நியாயமில்லை.